சிறுபாணாற்றுப்படையில் புதியவரை ஆற்றுப்படுத்தும் நெறி

பத்துப்பாட்டில் ஆற்றுப்படை நூல்கள் ஐந்து. அவற்றுள் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் பாடிய சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அவனது கிடங்கில், இன்றைய விழுப்புரம் மாவட்டத் திண்டிவனத்தின் ஒரு பகுதியாகும். பரிசில் பெற்று மீள்பவன் பெறாதவனை எதிர்ப்பட்டு வழிப்படுத்துதலே ஆற்றுப்படை என்பது தொல்காப்பியப் புறத்திணையியலால் பெறப்படும். இந்நூலின் கொடைச்சிறப்பும் வழியின் நிலவியலும் பரவலாகப் பேசப்பட்டுள்ளன. அறியாத அவையொன்றுக்குச் செல்லும் புதியவனின் நாணத்தை இந்நூல் எவ்வாறு களைகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வழிகாட்டுவோனின் வறுமை

கூரை இற்று விழுந்த அடுக்களையில், கண் திறவாத குட்டிகள் பாலற்ற முலையை இழுக்க, அந்நோவு பொறாது ஈன்ற நாய் குரைக்கிறது. கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பின்றி வேகவைத்து, அறியாதார் காண்பதற்கு நாணிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். இப்பகுதியை அவலச்சுவைக்கு எடுத்துக்காட்டாக மட்டும் காட்டுவது போதாது. இதனைக் கூறுபவன் வழிகாட்டும் பாணன். கூறப்படுவது அவனது சுற்றத்தின் பழைய நிலை. எதிர்ப்பட்ட பாணனின் வறுமையை அவன் வினவவில்லை. தன் வறுமையைத் தானே முன்வைக்கிறான். கேட்பவன் தன்னைத் தாழ்த்திக்கொள்ளவேண்டிய தேவை அங்கேயே நீங்கிவிடுகிறது. பொருநராற்றுப்படையிலும் பொருநன் ஈரும் பேனும் மொய்த்த தன் கந்தலைக் குறிப்பிடுகிறான். எனினும் அது கரிகாலன் களைந்த ஆடையாகவே பேசப்படுகிறது; வீட்டின் உட்புறம் அங்குத் திறந்து காட்டப்படவில்லை.

இவ்விடத்தில் ஒரு சொல் உற்றுநோக்கத்தக்கது. நாணத்தால் அடைக்கப்பட்ட வீட்டு வாயிலைக் குறிக்கும் ‘கடை’ என்னும் சொல்லே, பின்னர் நல்லியக்கோடனின் அரண்மனை வாயிலையும் குறிக்கிறது. பிறர் புகுதற்கரிய அவ்வாயில் பொருநர்க்கும் புலவர்க்கும் அந்தணர்க்கும் அடைக்கப்படுவதில்லை. இருவகை வாயில்களுக்கும் ஒரே சொல்லை ஆண்டது தற்செயல் என ஒதுக்குதல் அரிது.

வழியும் அவையும்

எயிற்பட்டினத்தில் நுளைமகள் அரித்த தேறலும் சுட்ட குழல்மீனும், வேலூரில் எயினர் மகளிர் ஆக்கிய புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் உழவர் மனையில் நண்டுக் கலவையோடு வெண்சோறும் கிடைக்கும் என்கிறான் பாணன். மலைபடுகடாம் வழியின் இடர்களை விரித்து எச்சரிக்கும் நூல். இந்நூலோ யார் வீட்டில் என்ன உணவு கிடைக்கும் என்பதையே பெரிதும் கூறுகிறது. கிடங்கில் தொலைவிலுள்ளதும் அன்று என்று தேற்றவும் செய்கிறது.

அவையைப் பற்றிய பகுதியே ஆற்றுப்படுத்தலின் உச்சம் எனலாம். அறிந்தோர், வீரர், மகளிர், பரிசிலர் என நால்வகையினர் தலைவனை எவ்வெப் பண்புகளுக்காகப் போற்றுவர் என்பது முன்கூட்டியே சொல்லப்படுகிறது. அறிந்தோர் செய்ந்நன்றி அறிதலையும் இனிய முகத்தையும் போற்ற, வீரர் அஞ்சினார்க்கு அளித்தலைப் போற்றுவர். எனவே புதியவன் தலைவனை மட்டுமன்றி, அவையில் இருப்போரின் மதிப்பீடுகளையும் அறிந்தே உட்புகுகிறான். பரிசிலர் போற்றும் பண்புகளுள் ஒன்று, அறிவு குறைந்தார்முன் தானும் அறியாதவன் போல் அமைந்திருத்தல். அரசவைப் புகழ்ச்சிகளில் எளிதிற் காணக்கிடைக்காத இப்பண்பு, அவைமுறை அறியாது வந்து நிற்பவனுக்கே முதலில் பயன்படுவது. தரமறிந்து நல்கும் இயல்பும் அதனோடு சேர்த்தே எண்ணப்பட்டிருத்தல் கருதத்தக்கது.

முதியோர், இளையோர், உழவர், தேர்வீரர் ஆகியோர்பால் தலைவன் நடந்துகொள்ளும் முறையைச் சொல்லிப் புகழவும் புதியவன் கற்பிக்கப்படுகிறான். ஆயினும் கற்ற உரை முழுதும் அங்குத் தேவைப்படுவதில்லை. அவன் சில சொல்லி முடிக்குமுன்னரே தலைவன் தூய ஆடை உடுத்தச் செய்து, தேறல் அளித்து, பொற்கலத்தில் உணவிட்டு, தானே அருகில் நின்று உண்பிக்கிறான். தேரும் அதனைச் செலுத்தும் பாகனும் அதன்பின்னரே அளிக்கப்படுகின்றனர்.