18 லட்சத்துக்கு ஓப்பன் டாப் பிஎம்டபிள்யூ: வாங்கலாமா? முதலில் இந்தக் கணக்கைப் போடுங்க



ஒரகடத்துல ஒரு கம்பெனியில குவாலிட்டி செக்‌ஷன்ல இருக்கிற தம்பி ஒருத்தர், கையில் சம்பளம் 55,000. சேமிப்பு 6 லட்சம். 2010 மாடல் பிஎம்டபிள்யூ இசட்4 ஒன்று 18 லட்சத்துக்கு வருது, மீதி 12 லட்சத்துக்கு பர்சனல் லோன் போடலாமான்னு கேட்டார். அவர் சொன்ன காரணம்: "அண்ணா, பிஎம்டபிள்யூ ஆலை மஹிந்திரா வேர்ல்டு சிட்டியிலயே இருக்கு, பார்ட்ஸ் ஈஸியா கிடைக்கும்ல?"

முதல் தவறு இங்கேதான். அந்த ஆலை 2007-லிருந்து இயங்குவது உண்மை. ஆனா அந்தத் தலைமுறை இசட்4 ஜெர்மனியின் ரீகன்ஸ்பர்க்கில் தயாராகி, முழுக் காராக இங்கே இறக்குமதி ஆனது. ஆலை பக்கத்துல இருக்குன்னு பார்ட்ஸ் விலை குறையாது.

கேட்கிற விலை வேறு, காரோட மதிப்பு வேறு. மதிப்பை நாமதான் கண்டுபிடிக்கணும்.

1. கூரையிலிருந்து ஆரம்பிங்க

2009 முதல் 2016 வரை வந்த இசட்4-ல துணிக் கூரை கிடையாது. இரண்டு துண்டு அலுமினியக் கூரை, ஹைட்ராலிக் விசையில் சுமார் 20 விநாடியில மடங்கி டிக்கிக்குள்ள போகும். என்ஜின் ஓடும்போது மூன்று முறை திறந்து மூடிப் பாருங்க. நடுவுல நிற்குதா, ஒரு பக்கம் முன்னாடி ஓடுதா, டிக்கி ஓரத்துல எண்ணெய்க் கறை இருக்கா?

அப்புறம் வாட்டர் வாஷ் செய்யச் சொல்லி, உள்ளே கார்ப்பெட்டுக்குக் கீழே கை வைத்துப் பாருங்க. நம்ம வெயில்ல ரப்பர் சீல்கள் காய்ந்து வெடிச்சிருக்கும்.

2. வெள்ளத்துல நின்ற காரா?

2015 டிசம்பர், 2023 மிக்ஜாம் இரண்டையும் நாம பார்த்திருக்கோம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்க. அடியில் சேற்றுக் கோடு இருந்தா கிளம்பிடுங்க. சீட் தண்டவாளத்துல துரு, ஏசி போட்டதும் புழுங்கல் வாடை, இதெல்லாமும் அறிகுறி. பழைய இன்சூரன்ஸ் பாலிசிகளைக் கேளுங்க. நோ க்ளெய்ம் போனஸ் திடீர்னு பூஜ்யம் ஆகியிருந்தா, அந்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு கேட்கணும்.

3. என்ஜின், டயர்

35ஐ மாடல்ல இருக்கிற இரட்டை டர்போ என்ஜினின் ஹை பிரஷர் ஃப்யூயல் பம்ப்புக்காக 2010-ல அமெரிக்காவுல ரீகால் நடந்தது. பம்ப் மாற்றின பில் இருக்கான்னு பாருங்க. ஸ்கேனர் போடாம முன்பணம் கொடுக்காதீங்க. டயர் ரன் ஃப்ளாட், ஸ்டெப்னி கிடையாது. நான்கையும் மாற்ற என்ன ஆகும்னு முன்னாடியே விசாரிங்க.

4. பேப்பர்

2010 கார்னா 15 வருஷம் முடிஞ்சாச்சு. ஆர்.சி. புதுப்பிக்க சாதாரண காருக்குக் கட்டணம் 5,000. இறக்குமதி காருக்கு 40,000. 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 வருஷம் தாண்டினா 80,000. ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை இது வரும். டெல்லியில பழைய பெட்ரோல் காருக்குக் கட்டுப்பாடு இருப்பதால அங்கிருந்து வருகிற கார் மலிவாத் தெரியும். என்ஓசி, தமிழ்நாட்டு வரி இரண்டையும் சேர்த்துப் பாருங்க.

கம்பெனி இறக்குமதி செய்து டீலர் வழியா விற்ற கார்னா முதல் இன்வாய்ஸ் கேளுங்க. தனிநபர் கொண்டுவந்த கார்னா, சுங்கத் துறையின் பில் ஆஃப் என்ட்ரி இல்லாம தொடவே தொடாதீங்க. 2025 செப்டம்பர்ல கேரளாவுல 'ஆபரேஷன் நும்கோர்' நடத்தி, பூட்டான் வழியா முறைகேடா வந்ததாகச் சந்தேகப்பட்ட கார்களைச் சுங்கத் துறை பறிமுதல் செய்தது. கார் யார் கையில இருக்கோ, பறிபோவது அவங்ககிட்ட இருந்துதான்.

5. இப்போ கணக்கு

பழுதில்லாத காரின் சந்தை விலை 18 லட்சம்னு வைத்துக்கொள்வோம். கீழே உள்ளது உதாரண எண்கள்தான். உங்க மெக்கானிக் தரும் கொட்டேஷனைப் போட்டுக்கோங்க.

- கூரை ஹைட்ராலிக் வேலை: 1,20,000
- நான்கு டயர்: 1,00,000
- ஆர்.சி. புதுப்பிப்பு: 40,000
- சர்வீஸ், சீல், பேட்டரி: 60,000

மொத்தம் 3,20,000. அப்போ நீங்க கொடுக்கக்கூடிய உச்ச விலை 14,80,000. அதுக்கு மேல ஒரு ரூபாய் கொடுத்தாலும், விற்பவரோட ரிப்பேர் செலவை நீங்க கட்டுறீங்கன்னு அர்த்தம்.

லோன் பக்கம் வாங்க. 12 லட்சம், 15% வட்டி, 5 வருஷம்: இஎம்ஐ சுமார் 28,550. சம்பளத்துல பாதிக்கு மேல. வட்டி மட்டும் 5.13 லட்சம். இன்னொன்று: ஐந்து வருஷம் தாண்டின காரோட ஐடிவி, நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி முடிவு பண்றது. அதைக் குறைவாப் போட்டு, கார் திருடு போனா, காரும் இருக்காது, இஎம்ஐ மட்டும் ஓடும்.

தம்பிகிட்ட நான் சொன்னது இதுதான்: "லைன்ல டாலரன்ஸ் தாண்டின பார்ட்டை எவ்வளவு அழகா இருந்தாலும் ரிஜெக்ட் பண்றீங்கல்ல? உங்க பணத்துக்கும் ஒரு டாலரன்ஸ் வைங்க."

என்னோட அளவுகோல்: முழுப் பணமும் கையில இருக்கணும். ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதி தனியா இருக்கணும். காரோட விலையில 20% ரிப்பேருக்குன்னு ஒதுக்கியிருக்கணும். மூன்றும் இருந்தா சந்தோஷமா கூரையைத் திறந்து ஈசிஆர்ல ஓட்டுங்க. ஒன்று குறைந்தாலும், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வாடகைக்கு எடுத்து ஆசையைத் தீர்த்துக்கோங்க. அந்த 28,550-ஐ மாசாமாசம் சேமிக்க ஆரம்பிங்க. மூன்று வருஷத்துல வட்டி இல்லாமலே 10 லட்சத்தைத் தாண்டிடும்.

காரைப் பார்க்கப் போகும்போது இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கோங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!