பையை அவனே அடுக்கட்டும்

காலாண்டுப் பரீட்சையில கணக்குல 38 ஏன்டான்னு கேட்டதுக்கு, "மிஸ்ஸுக்கு என்னைப் புடிக்கலம்மா"ன்னு உன் பையன் சொன்னானாம். போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்ச. எனக்குச் சிரிப்பு வரலடி. மார்க்கை விட அந்தப் பதில்தான் கவலை. மார்க்கு தன் கையில இல்லேன்னு நம்புற புள்ள எதுக்கு உக்காந்து படிக்கும்?

1966-ல அமெரிக்காவுல ஜேம்ஸ் கோல்மன் குழு சுமார் 6 லட்சம் பள்ளிப் பிள்ளைங்களை ஆராய்ஞ்சுது. 'நாம செய்யறதுக்குப் பலன் உண்டு'ங்கற எண்ணம், பள்ளிக்கூட வசதிகளை விடப் படிப்போட நெருக்கமா ஒட்டியிருந்துச்சு. எண்ணத்தால மார்க்கு வருதா, மார்க்கால எண்ணம் வருதான்னு கேப்ப. ரெண்டும்தான். அதனால சின்னதா ஜெயிக்க வை. பத்துக் கணக்கு வேண்டாம், அவனால முடியற மூணு கொடு. நாலாவது மட்டும் கொஞ்சம் கஷ்டமா இருக்கட்டும்.

பேப்பர் வந்தா "ஏன் குறைஞ்சுது?"ன்னு கேக்காத. "எந்த ஸ்டெப்புல மாட்டிக்கிட்ட?"ன்னு கேளு. முதல் கேள்விக்குச் சாக்குதான் வரும். ரெண்டாவதுக்கு விரல் பேப்பர் மேல போகும். கூடுதல் வந்தா "நீ புத்திசாலிடா"வும் வேண்டாம். "அந்தக் கணக்கை ரெண்டாந்தரம் போட்டுப் பாத்தியே, அதான்"னு சொல்லு.

திருவந்திபுரம் மலையேறி ஹயக்ரீவர் சன்னதியில பேனா வச்சுக் கும்பிடறதை விட வேண்டாம், நானும் வச்சவதான். பாஸானதும் "சாமி புண்ணியம்"னு மட்டும் சொல்லி அவன் உழைப்பை மறைச்சுடாத.

இன்னொண்ணு. எல்லாம் உன் கையிலதான்னு புள்ள தலையில ஏத்தறதும் பாவம். 2011 டிசம்பர் 30-ல தானே புயல் நம்மூரைப் புரட்டிப் போட்டுச்சே, அந்த வருஷம் பப்ளிக் எழுதின பிள்ளைங்க நாள்கணக்கா கரண்டு இல்லாம கெடந்தாங்க. அது அவங்க தப்பா? காய்ச்சல்ல கெடந்து எழுதின பரீட்சைக்குத் திட்டாத. "சரி, இனி நம்மால ஆகறது என்ன?"ன்னு மட்டும் கேளு.

எந்தப் பாடத்தை முதல்ல படிக்கறதுன்னு அவனே சொல்லட்டும். ராத்திரி பையை நீ அடுக்காத. ஜாமெட்ரி பாக்ஸை விட்டுட்டுப் போனான்னா, செம்மண்டலத்துலருந்து ஸ்கூட்டியை முறுக்கிக்கிட்டு ஸ்கூல் கேட்டுக்கு ஓடாதடி. பக்கத்துப் பையன்கிட்ட கேட்டு வாங்கிக்குவான்.