முகூர்த்தத்துக்கு சூப்பர் 8 கேமரா சரிப்படுமா?

பழைய வீட்டு சினிமா கேமராவில் கல்யாணம் எடுப்பது பற்றி மதுரை வட்டார வாசகர்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

தை மாதம் தங்கைக்குத் திருப்பரங்குன்றத்தில் கல்யாணம். அப்பாவின் நண்பர் ஒரு பழைய கேனான் சூப்பர் 8 கேமரா கொடுத்திருக்கிறார். முழுக் கல்யாணத்தையும் அதிலேயே எடுத்துவிடலாமா?
வாசகர், திருநகர்

முடியாது, முயலவும் வேண்டாம். கோடக் 1965-இல் கொண்டுவந்த சூப்பர் 8 கேசட்டில் இருப்பது 50 அடி பிலிம், அதாவது 3,600 படங்கள். நொடிக்கு 18 படம் ஓடினால் 3 நிமிடம் 20 நொடி. 24 படம் ஓடினால் இரண்டரை நிமிடம். நான்கு கேசட் வாங்கினாலும் கால் மணி நேரம் தேறாது. அதனால் வீடியோக்காரரை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். சடங்குகளை வரிசை குலையாமல் பதிவது அவர் பொறுப்பு; மனிதர்களை எடுப்பது உங்கள் பொறுப்பு.

சீர்த்தட்டு ஏந்தி வரும் அத்தைமார், மாலையோடு காத்து நிற்கும் தாய்மாமன், மொய் நோட்டைப் பிரித்து வைத்து மூக்குக்கண்ணாடியைத் துடைக்கும் பெரியவர், பந்தியில் இலை போடும் பையன்கள் என்று எடுக்க எத்தனையோ இருக்கிறது. ஒரு ஷாட்டுக்கு 8 நொடி என்று வைத்தால் ஒரு கேசட்டில் 25 ஷாட். யார் யாரை எடுக்க வேண்டும் என்று முதல் நாளே வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து பட்டியல் போடுங்கள். நாளைக்குப் பேரப்பிள்ளைகள் தேடப்போவது அந்த முகங்களைத்தான்.

தாலி கட்டும் நேரத்துக்கு முன்பே புது கேசட்டை மாட்டி, மணவறையின் பக்கவாட்டில் இடம் பிடியுங்கள். கெட்டிமேளம் முழங்கியதும் எல்லாரும் எழுந்துவிடுவார்கள். எதிரே நின்றால் முதுகுகள்தான் பதியும். முதல் முடிச்சை மாப்பிள்ளை போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடுவது பல வீடுகளில் வழக்கம். அந்த விரல்களை நெருங்கி எடுங்கள்.

முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாளில் கல்யாணக் கூட்டம் நெரியும். கோயிலுக்குள் படம் எடுக்கக் கட்டுப்பாடு உண்டு. நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கிடைக்காவிட்டால் மண்டபத்தில் எடுப்பதே போதும்.

எங்கள் முகூர்த்தம் விடியற்காலை நாலரை டு ஆறு. மண்டப வெளிச்சம் போதுமா? என்ன பிலிம் வாங்குவது?
வாசகி, உசிலம்பட்டி

மண்டபத்துக்குள் கோடக் 500 டங்ஸ்டன், வெளியே வெயிலில் 50 டேலைட். இந்த இரண்டும் இருந்தால் போதும். கேமராவின் பெயரில் 'எக்ஸ்எல்' என்று இருந்தால் இன்னும் நல்லது. குறைந்த வெளிச்சத்துக்கென்றே ஷட்டர் அகலமாகத் திறக்கும்படி செய்யப்பட்டவை அவை.

பழைய கேமராக்களில் பல, 40, 160 என்ற இரண்டு பிலிம் வேகங்களை மட்டுமே அறியும். 500 பிலிமையும் 160 என்றே எடுத்துக்கொண்டு கூடுதல் வெளிச்சத்தை விடும். இது நெகட்டிவ் பிலிம் என்பதால் அதைத் தாங்கிக்கொள்ளும், பயப்பட வேண்டாம். ஆனால் அதே கேசட்டோடு பத்து மணி வெயிலுக்கு வந்தால் படம் வெளுத்துவிடும். கேசட்டைப் பாதியில் கழற்றி மாற்றலாம், சில படங்கள்தான் வீணாகும். ஆனால் அடி காட்டும் முள் மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். எத்தனை அடி ஓடியது என்று கேசட்டின் மேல் எழுதிவிட்டுக் கழற்றுங்கள்.

இன்னொன்று: கேமராவில் சூரியன், பல்ப் என இரண்டு குறியுள்ள சுவிட்ச் இருக்கும். 50 டேலைட் போடும்போது வெயிலில் எடுத்தாலும் பல்ப் பக்கம் வையுங்கள். சூரியன் பக்கம் வைத்தால் உள்ளே இருக்கும் ஆரஞ்சு பில்டர் குறுக்கே வந்து படம் முழுக்கச் செம்மஞ்சளாகிவிடும்.

நாதஸ்வரமும் குலவையும் பதிவாகுமா?
வாசகர், மேலூர்

ஆகாது. ஒலியும் பதியும் சூப்பர் 8 கேசட்டை கோடக் 1973-இல் கொண்டுவந்தது, 1997-இல் நிறுத்திவிட்டது. இன்று கிடைப்பது ஊமைப் பிலிம்தான். மேளக்காரர்களுக்குப் பக்கத்தில் ஒருவரை நிறுத்தித் தனியாக ஒலிப்பதிவு செய்யுங்கள், செல்போன்கூடப் போதும். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் திரையில் வாசித்தவர் சிவாஜி. ஒலித்தது மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாதஸ்வரம். படமும் ஓசையும் தனித்தனியாகப் பதிவாகி ஒன்று சேர்வதில் குறை ஒன்றும் இல்லை. வாயசைப்புக்குப் பேச்சைப் பொருத்த மட்டும் முயலாதீர்கள். பழைய கேமராவின் வேகம் சீராக இருக்காது.

மதுரை வெயிலில் பிலிம் கெட்டுப்போகாதா? எங்கே கழுவுவது?
வாசகர், சோழவந்தான்

எடுக்காத பிலிமை 13 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்கிறது கோடக். ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியே எடுத்த உடனே பிரிக்காமல், உறையோடு அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிரித்தால் ஈரம் கோக்காது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள். எடுத்து முடித்த பிலிமைத் தாமதிக்காமல் கழுவக் கொடுத்துவிடுங்கள்.

பிலிம் வாங்குவதற்கு முன்பே லேப்பை முடிவு செய்யுங்கள். பிலிம், கழுவும் கூலி, ஸ்கேன் என மூன்று செலவு. மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வெளியூருக்கு விமானத்தில் கொண்டுபோனால் எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் விடாமல் கையால் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். புதிய சிடி ஸ்கேனர்கள் கழுவாத பிலிமைப் பாழாக்கிவிடும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேசட்டை வீட்டிலேயே ஓட்டி, கழுவிப் பாருங்கள். சோதிக்காத கேமராவை மணவறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

தாத்தா எடுத்த கல்யாணப் பிலிம் பரணில் கிடைத்தது. புளித்த வாடை அடிக்கிறது. புரொஜெக்டரில் போட்டுப் பார்க்கலாமா?
வாசகி, திருமங்கலம்

தயவுசெய்து போடாதீர்கள். அது வினிகர் வாடை. அசிட்டேட் பிலிம் சூட்டிலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் இப்படித்தான் இருக்கும். சுருங்கிய பிலிமின் ஓரத் துளைகளைப் புரொஜெக்டரின் பற்கள் கிழித்துவிடும். நல்ல பிலிம்களிலிருந்து பிரித்து, குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைத்துச் சீக்கிரம் ஸ்கேன் செய்யுங்கள். ஓரத் துளை சிறிதாக, ஒவ்வொரு படத்தின் நடுவுக்கு நேராக இருந்தால் சூப்பர் 8. பெரிதாக, இரண்டு படங்களுக்கு இடையில் இருந்தால் 1932-இல் வந்த பழைய 8 எம்எம். ஸ்கேன் செய்பவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். ஓரத்தில் 'கோடாக்ரோம்' என்று இருந்தால் நிறம் பெரும்பாலும் மங்காமல் இருக்கும்.

பிரிட்டிஷ் குடும்பங்கள் இந்தியாவில் எடுத்த வீட்டுப் பிலிம்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தெற்காசிய ஆய்வு மையம் சேகரித்து, இணையத்தில் பார்க்கவும் வைத்திருக்கிறது. நம் குடும்பங்கள் நம்மையே எடுத்தவை பரணில் புளித்துக்கொண்டிருப்பது வேதனை. இங்கேயும் வழிகாட்ட ஆள் உண்டு. மும்பையில் 2014-இல் தொடங்கிய ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன், 2017-இல் சென்னையிலேயே பிலிம் பாதுகாப்புப் பயிலரங்கு நடத்தியது. அவர்களுக்கு எழுதிக் கேளுங்கள்.

ஸ்கேன் ஆனதும் முதல் வேலையாக வீட்டு மூத்தவர்களைக் கூட்டி உட்கார வைத்து, ஒவ்வொரு முகமாக நிறுத்தி, யார், என்ன உறவு, எந்த ஊர் என்று கேட்டு எழுதுங்கள். பிலிமைக் குளிரில் வைத்துக் காப்பாற்றலாம். அந்தப் பெயர்களை, அவற்றை அறிந்தவர்கள் இருக்கும்போது மட்டுமே காப்பாற்ற முடியும்.