இந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

பெங்களூரில் பீன்யா பக்கம் ஒரு சின்ன கார்மெண்ட்ஸ். எண்பது பேர் வேலை செய்கிறார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து போன தமிழ்ப் பெண்களும் அதில் உண்டு. காலர் தைக்கும் பெண் ஒருத்தி ஆறு வருஷமாக அங்கே வேலை பார்க்கிறாள்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். மேனேஜர் பத்துப் பேரைக் கூப்பிட்டார்.

"ஆர்டர் இல்லைம்மா. திங்கட்கிழமையிலிருந்து நீங்க வர வேண்டாம். இதுல கையெழுத்துப் போட்டுட்டா கணக்கு முடிச்சுடலாம்" என்றார்.

தாள் முழுக்க ஆங்கிலம். மூன்று பேர் உடனே கையெழுத்துப் போட்டார்கள். இவள் போடவில்லை. "வீட்டுல கேட்டுட்டு வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுத் தாளை மடித்து எடுத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு அக்கா முன்பு அதே வேலை பார்த்தவர். சங்கத்தில் இருந்தவர். தாளைப் படித்தார்.

"ஏம்மா, நீயா வேலையை விடுறே?"

"இல்லையே அக்கா. அவங்கதான் வர வேண்டாம்னாங்க."

"இதுல அப்படி இல்லையே. சொந்தக் காரணத்துக்காக நானே விலகுறேன்னு எழுதியிருக்கு. இதுக்குப் பேரு ராஜினாமா."

இங்கேதான் சொல்லின் வேலை தெரிகிறது. தொழிலாளி தானாக விலகினால் அது ராஜினாமா. குற்றம் சாட்டி, விசாரித்து, வெளியே அனுப்பினால் அது பணிநீக்கம். வேலை குறைந்துவிட்டது என்று முதலாளி ஆளைக் குறைத்தால் அது ஆட்குறைப்பு. மூன்றிலும் வேலை போகிறது. ஆனால் கைக்கு வரும் பணம் ஒன்றல்ல.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் ரூ.13,000 என்று வைத்துக்கொள்வோம். இதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் ரூ.500. பதினைந்து நாளுக்கு ரூ.7,500. இதை ஆறு வருஷத்தால் பெருக்கினால் ரூ.45,000. இதுதான் பணிக்கொடை. கிராஜுவிட்டி என்று சொல்வார்களே, அதுதான். நிரந்தர வேலையில் ஐந்து வருஷம் முடித்தவர் ராஜினாமா செய்தாலும் இது கிடைக்கும். அதனால்தான் சில இடங்களில் ஐந்து வருஷம் முடியும் முன்பே ஆளை விலகச் சொல்லி, மறுபடி புதிதாகச் சேர்க்கிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். யாருக்கு லாபம் என்பதை நீங்களே யோசியுங்கள்.

ஆட்குறைப்பு என்றால் இன்னும் இரண்டு பணம் சேரும். ஒரு மாதம் முன்னால் எழுத்து மூலம் அறிவிப்புத் தர வேண்டும். தராவிட்டால் அந்த ஒரு மாதச் சம்பளத்தைத் தர வேண்டும். அது தவிர, வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சராசரிச் சம்பளம் இழப்பீடு. இதுவும் ஏறக்குறைய பணிக்கொடை அளவுக்கு வரும். ராஜினாமாத் தாளில் கையெழுத்துப் போட்டால் இந்த இரண்டும் போய்விடும். ஒரே ஒரு சொல்லுக்கு அரை லட்சத்துக்கு மேல் விலை!

ஆலையில் 300 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதியும் வேண்டும்.

அக்கா அவளுடைய சம்பளச் சீட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் 'பிடித்தம்' என்று ஒரு பகுதி. பி.எப். ரூ.1,560. ஈ.எஸ்.ஐ. ரூ.98.

பி.எப். என்பது வருங்கால வைப்பு நிதி. நூற்றுக்குப் பன்னிரண்டு ரூபாய் தொழிலாளி பங்கு. முதலாளியும் அதே அளவு கட்ட வேண்டும். அதில் ஒரு பகுதி ஓய்வூதியத்துக்குப் போகும். வேலை மாறினாலும் பி.எப். எண் மாறாது. அது 12 இலக்க எண். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பணத்தின் அருமை பெங்களூர்ப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். முதலாளி கட்டிய பங்கை 58 வயது வரை எடுக்க முடியாது என்று 2016-இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. அந்த ஏப்ரலில் ஆயிரக்கணக்கான கார்மெண்ட்ஸ் பெண்கள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுச் சாலைக்கு வந்தார்கள். ஏப்ரல் 19 அன்று அரசு அந்த விதியைத் திரும்பப் பெற்றது.

ஈ.எஸ்.ஐ. என்பது மருத்துவக் காப்பீடு. 2019 ஜூலை முதல் தொழிலாளி பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளி பங்கு மூன்றே கால் ரூபாய்.

ஓ.டி. என்பது மிகை நேர வேலை. அதற்கு இரண்டு மடங்குக் கூலி.

2025 நவம்பர் 21 முதல் பழைய தொழிலாளர் சட்டங்கள் 29-ம் நான்கு சட்டத் தொகுப்புகளாகிவிட்டன. சட்டத்தின் பெயர் மாறியது. மேலே படித்த சொற்கள் மாறவில்லை. வேலை முடிந்தால், பாக்கிச் சம்பளத்தை இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்று இப்போது இருக்கிறது.

திங்கட்கிழமை ஏழு பேரும் சேர்ந்து போனார்கள். "நாங்க விலகலை சார். நீங்கதான் நிறுத்துறீங்க. அதையே எழுதிக் கொடுங்க" என்றார்கள். மேனேஜர் கோபப்பட்டார். பன்னார்கட்டா சாலையில் கார்மிக பவன் இருக்கிறது. கன்னடத்தில் கார்மிகர் என்றால் தொழிலாளர். அங்கே போய் மனு கொடுத்தார்கள். மூன்று முறை நடந்தார்கள். மூன்று நாள் கூலி போனது. கடைசியில் அறிவிப்புச் சம்பளமும் இழப்பீடும் வந்தது.

சனிக்கிழமையே கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் மனு கொடுத்திருக்கிறார்கள். "நீங்களே விலகியதாகத் தாள் இருக்கிறதே" என்ற கேள்விக்கு இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

எழுதிப் பாருங்கள்

ராஜினாமா, பணிநீக்கம், ஆட்குறைப்பு. இந்த மூன்று சொற்களையும் எழுதுங்கள். மேனேஜர் செய்தது எது? தாளில் இருந்தது எது?

உங்கள் சம்பளச் சீட்டில் என்னென்ன பிடித்தம் இருக்கிறது? சீட்டே தரவில்லை என்றால், சீட்டுக் கேட்டு மேனேஜருக்கு நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதுங்கள். தேதி போட மறக்காதீர்கள். ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும்.

ஒருவர் மாதச் சம்பளம் ரூ.10,400. எட்டு வருஷம் வேலை செய்தார். அவருக்குப் பணிக்கொடை எவ்வளவு?

(விடை: ரூ.48,000)