பாதை விலகும் வண்டிகளும் பாழ்படும் நிலமும்

மோட்டார் வண்டி மனிதனுக்குப் பேருதவி புரிந்துள்ள சாதனம் என்பதில் ஐயமில்லை. மலையோரக் கிராமத்திற்கு மருந்தும், பாலைவனக் குடியிருப்பிற்குக் குடிநீரும் அதன் வாயிலாகவே விரைந்து செல்கின்றன. ஆயினும், நான்கு சக்கரங்களும் எஞ்சினால் உந்தப்பெறும் ஜீப் போன்ற வண்டிகளுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. அவை செல்வதற்குச் சாலை வேண்டுவதில்லை. மணல், சேறு, கூழாங்கல், ஆற்றுப்படுகை ஆகிய யாவற்றையும் அவை கடந்து செல்லும். இவ்வாற்றலே அவற்றின் சிறப்பு. நாம் இங்கு ஆராயவிருக்கும் தீங்கிற்கு மூலகாரணமும் அதுவே.

சென்ற சில ஆண்டுகளில் லடாக், ஸ்பிதி, கட்ச் ரண் முதலிய தொலைப்பகுதிகளுக்கு வண்டிகளில் செல்லும் பயணிகளின் தொகை பெருகியுள்ளது. இவர்களிற் சிலர் பாதையில் செல்வதோடு அமைவதில்லை. 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இமாசலப் பிரதேசத்தின் லாகௌல் பகுதியில் ஒருவர் சந்திரா ஆற்றினுள்ளேயே வண்டியைச் செலுத்தினார். காவல்துறையினர் மோட்டார் வாகனச் சட்டப்படி அவருக்கு அபராதம் விதித்தனர். “வெற்று நிலந்தானே, இதில் ஓட்டினால் யாருக்கு என்ன நட்டம்?” என்று இத்தகையோர் வினவுவதுண்டு. இவ்வினாவிற்கு விடை கூறும் பொறுப்பு கள ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உரியது. வெற்று நிலம் போல் தோன்றும் நிலமே காயம் ஆறுவதற்கு மிக நீண்ட காலம் கொள்ளும் நிலம் என்பதே அவ்விடையின் சாரம்.

மண்ணுக்கு நேர்வது யாது?

மண் என்பது வெறும் துகள்களின் குவியல் அன்று. நல்ல மண்ணின் கன அளவில் ஏறத்தாழப் பாதி, துகள்களுக்கு இடைப்பட்ட வெற்றிடமாகும். இவ்விடைவெளிகளில் காற்றும் நீரும் தங்குகின்றன. வேர்கள் இவற்றின் வழியே ஊடுருவுகின்றன. நுண்ணுயிர்கள் இவற்றில் வாழ்கின்றன. கனமான வண்டியின் சக்கரம் மண்மீது உருளும்பொழுது துகள்கள் ஒன்றோடொன்று நெருங்குகின்றன. இடைவெளிகள், அவற்றுள்ளும் பெரியவை, முதலில் நசுங்கி மறைகின்றன. இதனை மண் இறுக்கம் என்பர்.

இறுகிய மண்ணில் மழைநீர் எளிதில் இறங்குவதில்லை, மேற்பரப்பிலேயே ஓடுகிறது. சக்கரத்தின் சுவடு பள்ளமாகவும் இருப்பதால், ஓடும் நீர் அதிலேயே சேர்ந்து விசையுடன் பாய்ந்து மண்ணை அரித்துச் செல்கிறது. சரிவான நிலத்தில் இச்சுவடு சில பருவங்களில் ஓடையாக மாறிவிடக்கூடும். ஈரமான புல்வெளியிலோ நேர்மாறான கேடு விளையும். அங்கே சுவடு ஒரு வாய்க்கால் போலாகி, புல்வெளியில் தேங்கி நிற்க வேண்டிய நீரை வடித்துவிடும். இருவகையிலும் இழப்பு ஒன்றே: நிலம் தனக்குரிய நீரை இழக்கிறது.

ஈர மண் உலர்ந்த மண்ணைக் காட்டிலும் எளிதில் இறுகும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். மழை பெய்த மறுநாளிலும், பனி உருகும் பருவத்திலும் செல்லும் ஒரு வண்டி, வறண்ட காலத்தில் செல்லும் பல வண்டிகள் இழைக்கும் தீங்கினைத் தான் ஒன்றாகவே இழைத்துவிடலாம்.

முதற்சுவடே பெருந்தீங்கு

ஒரே இடத்தின் வழியாக நூறு வண்டிகள் செல்லின், மண்ணின் இறுக்கம் நூறு மடங்காகும் என்று கருதுதல் தவறு. இறுக்கத்தின் பெரும்பகுதி முதற்சில வண்டிகளாலேயே நேர்ந்துவிடுகிறது. பின்னர் வருவனவற்றால் விளையும் கூடுதல் இறுக்கம் படிப்படியாகக் குறைகிறது. இவ்வுண்மையிலிருந்து ஒழுங்குமுறைக்குரிய அடிப்படை விதி ஒன்று கிடைக்கிறது. முன்பே இறுகிய ஒரு தடத்தில் நூறு வண்டிகள் செல்வதைவிட, பத்து வண்டிகள் பத்துப் புதிய தடங்களில் செல்வது பெருந்தீங்கு விளைவிக்கும்.

இதனைச் சிறு கணக்கால் விளக்கலாம். ஒரு வண்டியின் டயர் 20 சென்டிமீட்டர் அகலம் உடையது எனக் கொள்வோம். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களின் சுவட்டிலேயே செல்லுமாயின், வண்டி இரு சுவடுகளை உண்டாக்கும். ஒரு கிலோமீட்டர் தொலைவு செல்லின், நசுங்கும் பரப்பு 2 × 0.2 × 1,000 = 400 சதுர மீட்டர். பத்து வண்டிகளும் ஒரே தடத்தில் சென்றால் நசுங்கும் பரப்பு அதே 400 சதுர மீட்டர்தான். ஒவ்வொன்றும் தனித்தடத்தில் சென்றாலோ 4,000 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ ஓர் ஏக்கர் நிலம் நசுங்கும். பத்து ஓட்டுநர்கள் ஒரு நாள் மாலையில் கொண்ட கேளிக்கையின் விலை இது.

தடத்தின் நடுவே குட்டை தேங்கியிருப்பதைக் கண்டு, அதனைச் சுற்றிச் செல்லும் பழக்கமும் இவ்வாறே தீங்கானது. முதல் வண்டி ஓரமாக ஒதுங்கிச் செல்லும். அவ்வோரமும் சேறானவுடன் அடுத்த வண்டி அதனினும் ஒதுங்கிச் செல்லும். இவ்வாறு ஒற்றைத் தடம் பின்னல் போன்ற பல தடங்களாகப் பிரிந்து, புல்வெளியை மேன்மேலும் விழுங்குகிறது.

வறண்ட நிலமும் குளிர்ந்த நிலமும்

மழை மிகுந்த சமவெளியில் புல் விரைந்து வளர்ந்து காயத்தை மூடிவிடுகிறது. வறண்ட நிலத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. பாலைவனங்கள் பலவற்றில் மண்ணின் மேற்பரப்பில் சில மில்லிமீட்டர் கனமுள்ள உயிருள்ள பொருக்கு ஒன்று படிந்திருக்கும். நீலப்பசும்பாசிகளும் லைக்கன்களும் மாஸ் தாவரங்களும் சேர்ந்து மண்துகள்களைப் பிணைத்து இதனை அமைக்கின்றன. இப்பொருக்கே காற்று மண்ணை வாரிச் செல்லாதவாறு காக்கிறது. உலர்ந்த நிலையில் இது நொறுங்கும் தன்மையது. சக்கரம் ஒருமுறை உருண்டாலும் உடைந்துபோகும். மீண்டும் உருவாகப் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள், ஆகும்.

இதற்கு அமெரிக்காவின் மொஹாவி பாலைவனம் சிறந்த சான்றாகும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1944 வரை, அங்கே டாங்கிப் படைகளுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. போர் முடிந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. ஆயினும் அப்பயிற்சிக் களங்கள் பலவற்றில் டாங்கிகளின் தடங்களை இன்றும் கண்ணால் காணலாம்.

நம் நாட்டின் லடாக் பகுதி குளிர்ப் பாலைவனமாகும். லே நகரில் ஆண்டிற்குப் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து ஏறத்தாழ 100 மில்லிமீட்டர் அளவே. அதன் கிழக்கிலுள்ள சாங்தாங் மேட்டுநிலத்தின் பெரும்பகுதி 4,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ளது. அங்கே செடிகள் வளர்வதற்கு ஆண்டில் சில மாதங்களே வாய்க்கின்றன. கையகலமே உள்ள ஒரு குறுஞ்செடி பல ஆண்டுகள் வளர்ந்ததாக இருக்கலாம். சாங்பா மக்களின் பஷ்மினா ஆடுகள் உண்டு வாழ்வது இச்செடிகளையும் சதுப்புநிலப் புல்லையுமே. ஆகவே, ஏரிக்கரையில் ஒரு வண்டி வட்டமிட்டு விளையாடுவது, பயிர் நின்ற வயலில் மாட்டை அவிழ்த்துவிடுவதற்கு ஒப்பாகும்.

பிராணிகளுக்கு நேரும் இடையூறு

திறந்த வெளியில் வாழும் பறவைகள் பல தரையிலேயே முட்டையிடுகின்றன. சோ கார், ஹன்லே முதலிய இடங்களின் சதுப்புகளில் கருங்கழுத்துப் பெருங்கொக்கு கூடுகட்டுகிறது. பெரும்பாலும் இரண்டு முட்டைகளே இடும். ராஜஸ்தானத்தின் பாலைவன தேசியப் பூங்காவில் எஞ்சியுள்ள கானமயில் தரையில் பெரும்பாலும் ஒரே முட்டையை இடுகிறது. இத்தகைய பறவைகளின் கூட்டைச் சக்கரம் நேரே நசுக்கவேண்டுவதில்லை. வண்டி அருகில் வந்து நின்றாலே தாய்ப்பறவை எழுந்து சென்றுவிடும். அதற்குள் முட்டை குளிர்ந்துபோகலாம், அல்லது நாயோ காகமோ கவர்ந்து செல்லலாம்.

கட்ச் சிறு ரண்ணில் வாழும் காட்டுக் கழுதையையும், லடாக்கில் வாழும் கியாங்கையும் வண்டியில் துரத்திச் செல்வதைச் சிலர் வேடிக்கையாகக் கருதுகின்றனர். உணவு அரிதான நிலத்தில் வீணாக ஓடச் செய்வது, கோடையில் அவை சேர்த்து வைக்கவேண்டிய கொழுப்பைப் பறிப்பதாகும். குளிர்காலம் முடியும் தறுவாயில் இவ்விழப்பு உயிரிழப்பாகவே முடியலாம். குட்டியோடு கூடிய பெண் விலங்கிற்கு இத்தீங்கு இரட்டிப்பாகும்.

ஒழுங்குமுறையின் இரு வகைகள்

வண்டிகளை ஒழுங்குபடுத்த இரண்டு வழிகள் உண்டு. தடை செய்யப்பட்ட இடங்களைத் தவிர ஏனைய எங்கும் செல்லலாம் என்பது ஒன்று. அனுமதிக்கப்பட்ட தடங்களைத் தவிர வேறெங்கும் செல்லலாகாது என்பது மற்றொன்று. முதல் முறையில், ஒவ்வோர் இடத்தையும் தனித்தனியே கண்டறிந்து தடை விதிக்கும் பணி அரசாங்கத்தைச் சேரும். அதற்குள் நிலம் கெட்டுவிடும். இரண்டாம் முறையில், தான் செல்லும் தடம் அனுமதி பெற்றதா என்று அறியும் கடமை ஓட்டுநரைச் சேரும்.

அமெரிக்க நாட்டின் அனுபவம் இங்குக் கருதத்தக்கது. 1972ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஜனாதிபதி நிக்ஸன், பொது நிலங்களில் இத்தகைய வண்டிகள் செல்லத்தக்க இடங்களையும் செல்லத்தகாத இடங்களையும் வகுக்குமாறு ஆணையிட்டார். மண், நீர்வளம், தாவரம் ஆகியவற்றிற்கு நேரும் சேதத்தையும், பிராணிகளுக்கு நேரும் தொல்லையையும் இயன்றவரை குறைப்பதே அவ்வாணையின் நோக்கம். 1977இல் ஜனாதிபதி கார்ட்டர், பெருஞ்சேதம் நேர்வதாகக் கண்டால் அப்பகுதியை உடனே மூடவேண்டும் என்று திருத்தம் செய்தார். 2005இல் அந்நாட்டு வனத்துறை, வரைபடத்தில் குறிக்கப்பட்ட சாலைகள், தடங்கள், பகுதிகள் தவிர ஏனையவற்றில் மோட்டார் வண்டிகள் செல்லலாகாது என்னும் விதியை இயற்றியது. இவ்வாறு முதல் முறையிலிருந்து இரண்டாம் முறைக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அவ்விடைக்காலத்தில் உண்டான சுவடுகளை எந்த ஆணையும் அழித்துவிடவில்லை.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், சரணாலயங்களில் அனுமதியின்றி நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. விலங்குகளைத் தொல்லைப்படுத்துவதையும், அவற்றின் வாழிடத்தைச் சேதப்படுத்துவதையும் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31 முதல் லடாக் மத்திய ஆட்சிப்பகுதியானபின், இச்சட்டமே அங்கும் செல்லும். காப்புக்காடுகளில் அத்துமீறி நுழைவதை 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம் குற்றமாகக் கருதுகிறது. எனவே சட்டம் இல்லை என்று கூறுவதற்கில்லை. ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்பில், சில ஊழியர்களைக் கொண்டு அதனை எவ்வாறு செயற்படுத்துவது என்பதே வினா.

கள ஊழியர் கவனத்திற்கு

1. ஒரு சுவடு மற்றொரு சுவட்டை அழைக்கும். புதிதாக வருவோன் சுவட்டைக் கண்டு, இது பாதைதான் என்று நம்பிவிடுகிறான். ஆகவே, தகாத தடம் சாலையிலிருந்து பிரியும் இடத்தில் கண்ணுக்குப் புலப்படும் தொலைவு வரையிலாவது அதனைக் கிளறி, கல்லும் காய்ந்த செடிகளும் பரப்பி மறைத்துவிடுதல் வேண்டும். முழுத் தடத்தையும் அழிக்க இயலாவிடினும், இதுவே பெரும்பயன் தரும்.

2. அனுமதிக்கப்பட்ட தடம் ஒன்றே என்பது ஐயமின்றி விளங்குமாறு, இருபுறமும் கற்களை வரிசையாக அடுக்குக. வண்டி நிறுத்துமிடத்தையும் வண்டி திரும்புமிடத்தையும் கெட்டியான தரையில் அமைக்க. இவற்றை அமைக்காது தடையை மட்டும் அறிவித்தல் பயன்படாது.

3. பறவைகள் முட்டையிடும் பருவத்திலும், பனி உருகும் பருவத்திலும் ஈரநிலங்களை ஒட்டிய தடங்களைத் தற்காலிகமாக மூடுதல் நலம்.

4. மேய்ப்போர், நோயாளியை ஏற்றிச் செல்வோர், எல்லைக் காவலர் ஆகியோர் தேவையின் பொருட்டுச் செல்பவர்கள். இவர்களைக் கேளிக்கைக்குச் செல்வோரோடு ஒருங்கு எண்ணலாகாது. எந்தப் புல்வெளி எப்பொழுது ஈரமாயிருக்கும் என்பதை உள்ளூர் மேய்ப்போரே நன்கறிவர். அவர்களைக் கலந்து வகுத்த விதியே நிலைபெறும்.

5. விதி நமக்கும் பொருந்தும். குறுக்கு வழியில் சென்ற இலாகா ஜீப்பின் சுவட்டிற்கும் உல்லாசப் பயணியின் சுவட்டிற்கும் மண் வேற்றுமை அறியாது. ஊழியரின் வண்டி பாதை விலகுவதைக் கண்டவனிடம் அறிவிப்புப் பலகை செல்லுபடியாகாது.

ஆசிரியர்களுக்கு: ஓர் எளிய பரிசோதனை

தேவையானவை: இரு முனைகளும் வெட்டப்பட்ட தகர டப்பா ஒன்று, அளவுக் குவளை, கடிகாரம்.

மாணாக்கரை ஊர்ப்புறத்திலுள்ள ஒரு வண்டித்தடத்திற்கு அழைத்துச் செல்க. சுவட்டின் நடுவே டப்பாவை மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரை அழுத்திப் பதிக்க. அதனுள் 250 மில்லிலிட்டர் நீர் ஊற்றி, அது முழுவதும் மண்ணில் இறங்க ஆகும் நேரத்தைக் குறிக்க. சுவட்டிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி, மிதிபடாத இடத்தில் இதனையே மீண்டும் செய்க. ஒவ்வோரிடத்திலும் மும்முறை செய்து சராசரி காண்க. சுவட்டில் நீர் இறங்க நேரம் மிகுதியாவதைப் பெரும்பாலும் காணலாம். டப்பாவைப் பதிப்பதற்கு எங்கே வலிமை மிகுதியாக வேண்டியிருந்தது என்றும் மாணாக்கரை வினவுக. வேருக்கு நேரும் இடர் அப்பொழுது விளங்கும். பழைய சுவட்டையே பயன்படுத்துக. பரிசோதனைக்கென்று புதிய சுவடு உண்டாக்கலாகாது.

வினாக்கள்

1. டயரின் அகலம் 25 சென்டிமீட்டர். எட்டு வண்டிகள் தனித்தனித் தடங்களில் 3 கிலோமீட்டர் செல்கின்றன. நசுங்கும் பரப்பு எத்தனை ஹெக்டேர்? (விடை: 1.2)

2. இறுகிய பழைய தடத்தில் செல்வது புதிய தடத்தில் செல்வதைவிட ஏன் மேலானது?

3. தடத்தில் குட்டை தேங்கியிருப்பின் ஓட்டுநர் யாது செய்தல் வேண்டும்? அதனைச் சுற்றிச் செல்லலாகாது என்பதன் காரணம் யாது?

4. உங்கள் ஊரில் வண்டிகள் பாதை விலகிச் செல்லும் இடம் ஒன்றைக் குறிப்பிட்டு, அதனைத் தடுக்க ஊரார் ஏற்கத்தக்க விதி ஒன்றை எழுதுக.