படிவம் வெறுமையாகத் திறக்கிறதா?

மைக்ரோசாஃப்ட் அக்சஸில் பார்த்துப் பார்த்து வடிவமைத்த படிவம், திறந்ததும் வெள்ளைத் திரையாகப் பல்லிளிக்கும். டிசைன் வியூவுக்குப் போனால் பெட்டிகள் எல்லாம் வைத்த இடத்தில் பத்திரமாக இருக்கும். அவசரப்பட்டு அழித்துவிட வேண்டாம்.

எஃப்4 விசையை அழுத்தினால் பிராப்பர்ட்டி ஷீட் வரும். அதன் மேல்பகுதியில் 'ஃபார்ம்' தேர்வாகியிருக்க வேண்டும். பலர் ஏதோ ஒரு பெட்டியின் பண்புகளில் தேடிக் களைத்துப் போவது இங்கேதான். டேட்டா பகுதியில் 'அலோ அடிஷன்ஸ்' என்பதற்கு 'நோ' என்றிருந்து, காட்ட ஒரு பதிவும் இல்லையென்றால், அக்சஸ் விவரப் பகுதியையே காலியாக விட்டுவிடும். 'யெஸ்' என்று மாற்றிப் பார்க்கலாம். அப்படியும் வரவில்லையா? படிவத்துக்குத் தகவல் தரும் குவெரி, புதிய பதிவை ஏற்காத வகையாக இருக்கக்கூடும்.

பழைய பதிவுகள் மட்டும் தெரியவில்லை என்றால் 'டேட்டா என்ட்ரி'யை 'நோ' ஆக்க வேண்டும். தகவல் எங்கும் தொலைந்துவிடவில்லை.

பெட்டிக்குள் 'நேம்?' என்ற பிழை வந்தால், பெரும்பாலும் அட்டவணையில் யாரோ புலத்தின் பெயரை மாற்றியிருப்பார்கள். 'கன்ட்ரோல் சோர்ஸ்' வரியில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும்.

லிப்ரே ஆபீஸ் பேஸில் வேறு கதை. அங்கே கருவிகள் மங்கலாகத் தெரிந்தால் 'டிசைன் மோட்' அணைந்திருக்கிறது என்று பொருள். படிவத்தில் தட்டச்சே செய்ய முடியாவிட்டால், அட்டவணைக்கு பிரைமரி கீ இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.