அப்பாவின் ஹார்ட் டிஸ்க்

கேள்வி: அப்பா காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. மாடி அறையில் அவருடைய பழைய கம்ப்யூட்டர் அப்படியே இருக்கிறது. அதில் ஆயிரக்கணக்கில் பாட்டுகள். சில, தன்னிடமிருந்த கேசட்டுகளையும் சிடிகளையும் அவரே பொறுமையாக உட்கார்ந்து ஏற்றியவை. சில, பஸ் ஸ்டாண்டு கடைகளில் ‘ஒரே சிடியில் 150 பாட்டு’ என்று வாங்கியவை. சில, ஆன்லைனில் காசு கொடுத்து டவுன்லோடு செய்தவை. இவை தவிர, 1998 முதல் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாக்களில் நடந்த நாதஸ்வரக் கச்சேரிகளை அவரே சின்ன டேப் ரிக்கார்டரில் பதிந்து வைத்ததும் ஒரு ஃபோல்டர் முழுக்க இருக்கிறது. இப்போது கம்ப்யூட்டரைப் போட்டால் உள்ளே ‘டிக் டிக்’ என்று சத்தம் வருகிறது. எல்லாவற்றையும் புது லேப்டாப்புக்கு மாற்றலாம் என்று ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். “பாட்டெல்லாம் காப்பிரைட் மேடம், காப்பி பண்ணினா கேஸ் ஆகும். வேணும்னா எனக்கும் ஒரு செட் எடுத்துக்கிறேன், பண்ணித் தர்றேன்” என்கிறார் கடைக்காரர். சிங்கப்பூரில் இருக்கும் தம்பி தனக்கும் ஒரு காப்பி கேட்கிறான். என் மகன் நாதஸ்வரப் பதிவுகளை யூடியூபில் போடலாம் என்கிறான். பழைய கம்ப்யூட்டரை விற்றுவிடலாமா? எது சரி, எது தப்பு?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் உங்கள் கடைக்காரர். மனிதர் சட்டத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். உங்களுக்கு மாற்றித் தருவதில் வராத கேஸ், தனக்கு ஒரு செட் எடுத்துக்கொள்வதில்தான் வரும்.

அவர் பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு. 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 14-வது பிரிவைப் படித்தால், ஒரு ஒலிப்பதிவை எந்த ஊடகத்தில் சேமிப்பதும் உரிமையாளருக்கு மட்டுமே உள்ள உரிமை என்று இருக்கும். அங்கேயே புத்தகத்தை மூடிவிட்டால் பயம்தான் மிஞ்சும். 52-வது பிரிவு வரை புரட்ட வேண்டும். எதெல்லாம் மீறல் ஆகாது என்று அங்கேதான் சொல்லியிருக்கிறது. 52(1)(ஏ) சொல்வது இது: கம்ப்யூட்டர் மென்பொருள் தவிர மற்ற எந்தப் படைப்பையும் தனிப்பட்ட சொந்த உபயோகத்துக்காக நியாயமாகக் கையாளலாம். அதன் அடியிலேயே ஒரு விளக்கமும் உண்டு. அந்த உபயோகத்துக்காக மின்னணு ஊடகத்தில் சேமித்து வைப்பதும் மீறல் ஆகாது. முறையாக வாங்கிய பாட்டைப் பழைய டிஸ்கிலிருந்து புது டிஸ்குக்கு மாற்றி வீட்டில் கேட்பது இதற்குள் அடங்கும்.

இந்த நிலை 2012 ஜூன் மாதம் அமலுக்கு வந்த திருத்தத்தால் கிடைத்தது. அதற்கு முன் அந்தப் பிரிவு இலக்கியம், நாடகம், இசையமைப்பு, கலைப்படைப்பு ஆகியவற்றோடு நின்றுவிட்டது. ஒலிப்பதிவு அதில் இல்லை. ஆக, உங்கள் அப்பா 2005-ல் தன் சொந்த கேசட்டைத் தன் சொந்த கம்ப்யூட்டரில் ஏற்றியது, எழுத்துப்படி பார்த்தால், மீறல்! அந்தக் கணக்கில் தமிழ்நாட்டில் பாதிப் பேர் குற்றவாளிகள், நானும் சேர்த்தி. கல்லூரி நாட்களில் பன்னிரண்டு பாட்டுகளைத் தாளில் எழுதிக்கொண்டுபோய் ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, அறுபது நிமிட கேசட்டில் பதிந்து வாங்காதவர் யார்? கவலைப்படாதீர்கள். இந்தக் குற்றத்துக்கு உச்சபட்சத் தண்டனை 3 ஆண்டு என்பதால், வழக்குத் தொடரும் காலவரம்பும் 3 ஆண்டுதான். அப்பாவின் மேல் இனி யாரும் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது.

இப்போது டிஸ்கில் இருப்பதைப் பிரித்துப் பார்ப்போம். டிஸ்க் மாறுவதைச் சட்டம் பெரிதாக நினைப்பதில்லை. பாட்டு எந்த வழியாக உள்ளே வந்தது, எந்த வழியாக வெளியே போகிறது, இந்த இரண்டைத்தான் கேட்கும்.

வாங்கிய சிடி, கேசட்டிலிருந்து ஏற்றியவற்றில் சிக்கல் இல்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள்: எல்லாம் லேப்டாப்பில் ஏறிவிட்டதே என்று அசல் சிடிகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நீங்கள் முறையாக வாங்கியதற்கு அவைதான் சாட்சி. என் வீட்டில் ஒரு மர அலமாரி முழுக்க கேசட் இருக்கிறது. தூசி தட்டும்போதெல்லாம் என் மனைவி கேட்கும் கேள்விக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான். அவர் நம்புவதில்லை.

காசு கொடுத்து டவுன்லோடு செய்த எம்பி3 ஃபைல்களையும் தாராளமாக மாற்றிக்கொள்ளலாம். விற்ற கடை இன்று இருக்கிறதா என்பது கூட முக்கியம் இல்லை. ஃபிளிப்கார்ட் நடத்திய ‘ஃபிளைட்’ என்ற பாட்டுக் கடை 2013-ல் மூடப்பட்டது. அதில் வாங்கி இறக்கி வைத்தவர்களின் பாட்டு அவர்களிடமே இருக்கிறது. ஆனால் மாதச் சந்தா கட்டிக் கேட்கும் ஆப்களில் ‘டவுன்லோடு’ செய்வது வேறு சங்கதி. அது வாடகை வீடு. புது லேப்டாப்பில் அதே கணக்கில் நுழைந்து மறுபடி இறக்கிக்கொள்ளலாமே தவிர, ஃபைலைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்தப் பூட்டை உடைத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு அப்படி உடைப்பதற்கு 65ஏ பிரிவின் கீழ் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

பஸ் ஸ்டாண்டு சிடி. இதில் உங்களுக்கு இதமாக ஒன்றும் சொல்ல முடியாது. 150 பாட்டு இருந்த அந்த சிடியே திருட்டுப் பிரதி. அதைக் கையாள்வதை நியாயமானது என்று வாதாட என்னால் முடியும்; ஜெயிப்பேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. வீட்டுக்குள் கேட்டவர் வீட்டுக்குப் போலீஸ் வரப்போவதும் இல்லை. ஆனாலும் அந்த ஃபோல்டரை விட்டுவிடுவதே என் யோசனை. அதில் உள்ள சினிமாப் பாட்டுகளில் பெரும்பாலானவை இன்று முறையான வழியிலேயே கேட்கக் கிடைக்கின்றன, அதைவிட நல்ல ஒலியில்.

பழைய பாட்டுக்குக் காப்பிரைட் கிடையாது என்று ஒரு நம்பிக்கை ஊரில் உலவுகிறது. பாதிதான் உண்மை. ஒலிப்பதிவின் ஆயுள், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. 1964-ல் வந்த ‘காதலிக்க நேரமில்லை’ படத்தின் இசைத்தட்டு அதே ஆண்டில் வெளியானதாக வைத்துக்கொண்டால், அந்தப் பதிவின் உரிமை 2024 டிசம்பரோடு தீர்ந்தது. பாடல் வரியும் மெட்டும் தனிக் கணக்கு. அவற்றுக்கு எழுதியவரின் ஆயுளுக்குப் பிறகு 60 ஆண்டு. கண்ணதாசன் மறைந்தது 1981-ல். அவர் வரிகள் 2041 முடியும் வரை காப்பில் இருக்கும். மெட்டு விஸ்வநாதன், ராமமூர்த்தி இருவருடையது. கடைசியாக மறைந்தவர் விஸ்வநாதன், 2015-ல். ஆகவே 2075 வரை.

இனி நாதஸ்வர ஃபோல்டர். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது இதுதான்.

மற்ற ஃபோல்டர்களில் இருப்பதெல்லாம் வேறொருவரின் பதிவு. இது உங்கள் அப்பாவின் பதிவு. முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்து ஒலிப்பதிவைச் செய்பவரே அதன் தயாரிப்பாளர் என்கிறது சட்டம். சின்ன டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு மேளத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தவருக்கும் அது பொருந்தும். அந்த உரிமை அவருக்குப் பின் வாரிசுகளுக்கு வருகிறது. உயில் எதுவும் இல்லையென்றால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் அம்மா, நீங்கள், தம்பி எல்லோருக்கும் சம பங்கு. தம்பி கேட்பது இந்த ஃபோல்டரை என்றால் அவன் தன் பங்கைத்தான் கேட்கிறான், கொடுத்துவிடுங்கள்.

வாசித்த வித்வானுக்கும் இதில் ஒரு உரிமை உண்டு. 38-வது பிரிவு அதை ‘நிகழ்த்துநர் உரிமை’ என்கிறது. அவரைக் கேட்காமல் அவர் வாசிப்பைப் பதியக் கூடாது. ஆனால் 39-வது பிரிவு, பதிபவர் தன் சொந்த உபயோகத்துக்குப் பதிந்துகொண்டால் அது மீறல் இல்லை என்கிறது. அப்பா இந்த நிழலில்தான் உட்கார்ந்து பதிந்திருக்கிறார். அதே பதிவை உங்கள் மகன் யூடியூபில் ஏற்றினால் அந்த நிழல் விலகிவிடும். ஊருக்கெல்லாம் கேட்கும்படி வைத்த பிறகு அது சொந்த உபயோகம் ஆகாது. நிகழ்த்துநர் உரிமையின் ஆயுள் 50 ஆண்டு. 1998-ல் வாசித்த கச்சேரிக்கு 2048 முடியும் வரை. வித்வான் இல்லையென்றால் அவர் வாரிசுகளின் சம்மதம் வேண்டும். தவில்காரரும் நிகழ்த்துநர்தான், அவரை மறந்துவிடாதீர்கள். ஒரு பக்கத்தில் எழுதி, கையெழுத்து வாங்கி, தேதி போட்டு வைத்துக்கொண்டால் போதும்.

வாசித்த உருப்படியும் ஒரு கேள்வி. தியாகராஜர் 1847-ல் மறைந்தவர்; அவர் கிருதிகள் எல்லோருக்கும் பொது. பாபநாசம் சிவன் மறைந்தது 1973-ல் என்பதால் அவர் கீர்த்தனைகள் 2033 முடியும் வரை காப்பில் இருக்கும். கடைசியில் வாசித்த சினிமாப் பாட்டு இருந்தால் அதை யூடியூபில் சேர்க்க வேண்டாம்.

தம்பிக்கு மற்ற பாட்டுகளையும் அனுப்பலாமா? வீட்டுக்குள் எல்லோரும் கேட்பது சொந்த உபயோகம். இன்னொரு நாட்டில், இன்னொரு வீட்டுக்கு முழுத் தொகுப்பாக ஒரு காப்பி போவது அந்தச் சொல்லின் ஓரத்தில் நிற்கிறது. போதாக்குறைக்கு, அங்கே போனதும் சிங்கப்பூர்ச் சட்டமும் பேசும். அசல் சிடிகளைச் சொத்தைப் போலப் பிரித்துக்கொள்ளுங்கள். அவரவர் பங்கை அவரவர் ஏற்றிக்கொள்ளட்டும்.

மறுபடியும் கடைக்காரர். ‘பென் டிரைவில் பாட்டு ஏற்றித் தரப்படும்’ என்று போர்டு மாட்டிய கடைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வியாபாரத்துக்கு 63-வது பிரிவின் கீழ் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். ஜாமீனில் வர முடியாத குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழ்நாட்டில் குண்டர் தடுப்புச் சட்டத்தின் முழுப் பெயரிலேயே ‘வீடியோ திருடர்கள்’ இருக்கிறார்கள். சினிமா ஒலிப்பதிவைத் திருட்டுத்தனமாகப் பிரதியெடுப்பவரும் அதில் அடக்கம். உங்கள் பாட்டை ஒரு செட் எடுத்து வைத்துக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விற்றால் அவர் அங்கேதான் போய் நிற்பார். உங்கள் அனுமதி இல்லாமல் டிஸ்கில் உள்ளதை, பாட்டோ குடும்பப் படமோ, காப்பி எடுத்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-வது பிரிவுப்படி நஷ்ட ஈடு. நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-வது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை. நீங்களே சரி என்று தலையாட்டிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். ஆகவே அவர் சொன்ன பேரத்துக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வேறு கடைக்குப் போகும்போது ரசீது வாங்குங்கள். டிஸ்கின் நிறுவனப் பெயர், சீரியல் நம்பர், ‘தகவல் மீட்புக்காக மட்டும், காப்பி வைத்துக்கொள்ளக் கூடாது’ என்ற வரி மூன்றும் அதில் இருக்க வேண்டும். கவனக்குறைவால் டிஸ்கைக் கெடுத்துவிட்டால் அது சேவைக் குறைபாடு. 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். கொடுத்த கட்டணம் 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. ரசீது இல்லாமல் என்னிடம் வருகிறவர்களுக்கு நான் காபி மட்டும்தான் கொடுக்க முடியும்.

பழைய கம்ப்யூட்டரை விற்கலாம், டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொண்டு. டெலீட் செய்தால் போதாது, மீட்டெடுக்க வழி உண்டு. பாட்டோடு சேர்த்து விற்றால் பாட்டையும் விற்றதாகத்தான் அர்த்தம்.

அந்த ‘டிக் டிக்’ சத்தம் டிஸ்கின் கடைசி மூச்சாக இருக்கலாம். ஒவ்வொரு முறை ஓடவிடும்போதும் சேதம் கூடும். இன்றோடு அந்தக் கம்ப்யூட்டரைப் போடுவதை நிறுத்துங்கள். மீட்பவரிடம் நாதஸ்வர ஃபோல்டரை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். சினிமாப் பாட்டு போனால் திரும்ப வாங்கலாம். இதற்கு வேறு பிரதி கிடையாது. எடுத்ததும் ஒரு பென் டிரைவில் போட்டு அந்த வித்வான்களின் வீட்டுக்குக் கொண்டுபோங்கள், சம்மதக் கடிதத்தையும் அப்போதே கேட்கலாம்.